கல்லீரல் கிழிந்து வருபவருக்கு முப்பரிமாணப் படம்: ஸ்கேன் அறை முதல் அறுவை மேசை வரை

கறிக்கடையில் ஆட்டு ஈரலைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டை விரலால் சற்று அழுத்தினால் போதும், பிளந்துவிடும். நம்முடைய கல்லீரலும் அதே பக்குவம்தான். பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் கால் பங்கு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர், அதன் வழியாக ஓடுகிறது. இரு சக்கர வாகனத்தின் கைப்பிடி வலது விலாவில் குத்தினாலோ, ஓடும் கார் சட்டென்று மோதி நின்றாலோ இந்த மெத்தென்ற உறுப்பு கிழிந்துவிடுகிறது. கிழிவு மேலோட்டமானது என்றால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆழமாக இறங்கிப் பெரிய ரத்தக்குழாய்களைத் தொட்டுவிட்டால், எங்கே கை வைப்பது, எங்கே கை வைக்கவே கூடாது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து கணினியில் கட்டும் முப்பரிமாணப் படம் அதற்குத்தான்.

கல்லீரல் தானத்துக்கும் கட்டி அகற்றும் அறுவைக்கும் என்று வளர்ந்த கலை இது. விபத்து நோயாளியிடம் கொண்டுவரும்போது பல விதிகள் தலைகீழாகின்றன. அங்கே திட்டமிட நாட்கள் கிடைக்கும், இங்கே நிமிடங்கள்தான். அங்கே கல்லீரலின் வடிவம் கலையாமல் இருக்கும், இங்கே பாதி இடத்தை ரத்தக்கட்டு அடைத்துக்கொண்டிருக்கும். முக்கியமாக, அங்கே திங்கட்கிழமை வரைந்த படம் வெள்ளிக்கிழமையும் செல்லுபடியாகும். இங்கே வரைந்த படம் சில மணி நேரத்தில் பழசாகிவிடும். இளம் அறுவை மருத்துவர்களையும், கதிரியக்கப் பிரிவில் இரவுப் பணி பார்ப்பவர்களையும், மருத்துவ மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: யாருக்கு இந்தப் படம் வேண்டாம்

ரத்தமும் திரவமும் ஏற்றிய பிறகும் மேல் ரத்த அழுத்தம் 90க்கு மேல் நிற்கவில்லை, படுக்கையருகே செய்யும் ஃபாஸ்ட் அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் ரத்தம் தெரிகிறது என்றால் நோயாளி போக வேண்டிய இடம் அறுவை அரங்கு. ஸ்கேன் அறையில் அவரை இழக்கக் கூடாது. உலக அவசர அறுவையாளர் சங்கம் 2016இல் வெளியிட்டு 2020இல் புதுப்பித்த கல்லீரல் காய வழிகாட்டுதலும் இதைத்தான் முன்னே வைக்கிறது: கிழிவின் அளவு எதுவாக இருந்தாலும், ரத்த ஓட்டம் நிலைகொள்ளாதவர் மிகக் கடுமையான பிரிவில் சேர்க்கப்படுகிறார். படத்தைவிட நாடித்துடிப்புக்கு அதிகாரம் அதிகம். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இதில் பிடிவாதம் உண்டு.

முதல் படி: நல்ல ஸ்கேன்

மோசமான ஸ்கேனிலிருந்து நல்ல முப்பரிமாண மாதிரியை எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது. ஆகவே இந்தப் படியில் கொஞ்சம் நிதானிப்போம்.

முழங்கை மடிப்பில் பெரிய ஊசி வேண்டும். பச்சை நிறக் கேனுலா, அதாவது 18 கேஜ் இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பு 20 கேஜ் வைத்தும் சமாளிக்கலாம். புறங்கையில் குத்திய நீல ஊசி வழியாக விநாடிக்கு 4 மி.லி. வேகத்தில் சாயம் செலுத்த முயன்றால் கை வீங்குவதுதான் மிச்சம். அயோடின் சாயம் கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.லி. வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 மி.லி.யில் தொடங்கலாம்.

முடிந்தால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கைகள் உடலோடு ஒட்டிக் கிடந்தால் அந்த எலும்புகளிலிருந்து கிளம்பும் கோடுகள் கல்லீரலின் குறுக்கே பாய்ந்து, கிழிவைப் போலவே ஏமாற்றும். தோள்பட்டை முறிந்தவரிடம் இதைக் கேட்க முடியாது. அப்போது கைகளை வயிற்றின் மேல் தலையணை வைத்து உயர்த்தலாம். இ.சி.ஜி. வயர்களையும் கல்லீரல் பகுதியிலிருந்து நகர்த்திவிடுங்கள்.

பிறகு கட்டங்கள், அதாவது சாயம் எந்தக் குழாய்களில் நிறைந்திருக்கும்போது படம் எடுப்பது என்பது. சாயம் ஏறத் தொடங்கி 25 முதல் 35 விநாடிக்குள் தமனிக் கட்டம், 65 முதல் 80 விநாடிக்குள் சிரைக் கட்டம், தேவைப்பட்டால் 3 முதல் 5 நிமிடத்தில் தாமதக் கட்டம். முப்பரிமாணத் திட்டத்துக்கு முதல் இரண்டும் கட்டாயம். தமனிக் கட்டத்தை விட்டுவிட்டால் கல்லீரல் தமனி மாதிரியில் வராது. எம்போலைசேஷன் (கசியும் தமனியை நுண்குழாய் வழியாக உள்ளிருந்தே அடைப்பது) செய்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நுழைய நேரிடும். தாமதக் கட்டம் ஒரு முக்கியமான சந்தேகத்தைத் தீர்க்கிறது. தமனிக் கட்டத்தில் மினுங்கிய புள்ளி நேரம் செல்லச் செல்லப் பெரிதாகிப் பரவினால், ரத்தம் வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. அளவு மாறாமல், மற்ற தமனிகளோடு சேர்ந்தே மங்கினால் அது போலித் தமனி வீக்கம், அதாவது தமனிச் சுவர் கிழிந்து வெளியேறிய ரத்தம் பை போல அடங்கி நிற்பது. முன்னதற்கு உடனே ஓட வேண்டும். பின்னதைத் திட்டமிட்டு அணுக ஓரளவு அவகாசம் கிடைக்கும். குழந்தைகளுக்கு மூன்று கட்டங்களையும் வழக்கமாக்கிவிடாதீர்கள், கதிர்வீச்சின் விலை அவர்களுக்கு அதிகம்.

படங்களை 1 மி.மீ. தடிமனில் மறுகட்டமைத்து வைக்கும்படி டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். 5 மி.மீ. படங்கள் படிக்க வசதி. ஆனால் அவற்றிலிருந்து செய்யும் மாதிரியில் ரத்தக்குழாய்கள் படிக்கட்டு போலத் துண்டு துண்டாக இருக்கும். பல இடங்களில் மெல்லிய படங்கள் ஸ்கேன் இயந்திரத்தில் ஓரிரு நாள் மட்டும் தங்கி அழிந்துவிடுகின்றன. மறுநாள் காலையில் தேடினால் தடித்த படங்கள்தான் மிஞ்சியிருக்கும். இரவே சேமித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தட்டையான படங்களை முதலில் படியுங்கள்

முப்பரிமாணத்துக்கு அவசரப்படுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். குறுக்குவெட்டுப் படங்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, முன்னிருந்து பார்க்கும் தளத்திலும் பக்கவாட்டிலும் ஒருமுறை பார்த்து, காயத்துக்குத் தரம் கொடுத்த பிறகே மாதிரியைத் தொட வேண்டும்.

உலகம் முழுவதும் புழங்கும் அளவுகோல் அமெரிக்க விபத்து அறுவையாளர் சங்கத்துடையது, 2018இல் திருத்தப்பட்டது. கிழிவு 1 செ.மீ. ஆழத்துக்குள் இருந்தால் முதல் தரம். 3 செ.மீ. வரை இரண்டாம் தரம், அதைத் தாண்டினால் மூன்றாம் தரம். ஒரு மடலின் (கல்லீரலின் வலது அல்லது இடது பெரும் பிரிவின்) 25 முதல் 75 சதவீதம் வரை சிதைந்திருந்தால் நான்கு, 75 சதவீதத்துக்கு மேல் போனால் அல்லது கல்லீரலின் பின்னே ஓடும் கீழ்ப் பெருஞ்சிரையோ நடுவிலுள்ள பெரிய கல்லீரல் சிரைகளோ கிழிந்திருந்தால் ஐந்து. 2018 திருத்தத்தில் வந்த பெரிய மாற்றம், சி.டி.யில் தெரியும் ரத்தக்குழாய்க் காயத்தையும் கணக்கில் சேர்த்ததுதான். போலித் தமனி வீக்கமோ, கல்லீரலுக்குள் அடங்கிய ரத்தக்கசிவோ இருந்தால் குறைந்தது மூன்றாம் தரம். கசிவு கல்லீரலைத் தாண்டி வயிற்றறைக்குள் வந்துவிட்டால் நான்கு.

‘ஒரு மடலில் 25 சதவீதம்’ என்பதைக் கண்ணால் மதிப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 20 என்பார், பக்கத்தில் இருப்பவர் 40 என்பார். மாதிரியில் அதை எண்ணிச் சொல்லிவிடலாம்.

அடர்த்தி எண்களையும் கையோடு குறித்துக்கொள்ளுங்கள். உறையாத ரத்தம் 30 முதல் 45 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு), உறைந்த கட்டி 45 முதல் 70. இதற்கெல்லாம் மேலே, மகாதமனியின் எண்ணை நெருங்கி நிற்பது கசியும் சாயம். அதிக அடர்த்தியுள்ள கட்டி எந்த இடத்தில் தங்கியிருக்கிறதோ, ரத்தம் கிளம்பிய இடம் பெரும்பாலும் அதன் அருகில்தான்.

மூன்றாம் படி: மாதிரியை வரைதல்

இதற்கு விலை உயர்ந்த பணிநிலையம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ‘3டி ஸ்லைசர்’ என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளிலேயே கற்றுக்கொள்ளலாம். அது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சை முடிவுக்கென்று அங்கீகாரம் பெற்றதன்று. ஆகவே அதில் வரைந்ததைத் துணைப் படமாக மட்டும் வையுங்கள், முடிவை அசல் படங்களிலிருந்தே எடுங்கள்.

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. சிரைக் கட்டத்தில் முதலில் கீழ்ப் பெருஞ்சிரை, அதிலிருந்து வலது, நடு, இடது கல்லீரல் சிரைகள். அடுத்து, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரையும் அதன் கிளைகளும். பிறகு தமனிக் கட்டத்துக்குப் போய் கல்லீரல் தமனி. கல்லீரலின் வெளி எல்லை அதற்குப் பிறகு. கடைசியாகக் கிழிவு, ரத்தக்கட்டு, சாயக் கசிவு மூன்றும் தனித்தனி நிறங்களில். பலர் வெளி எல்லையிலிருந்து தொடங்குவார்கள். விபத்தில் சிதைந்த கல்லீரலுக்கு எல்லை எது என்றே முதலில் தெரியாது என்பதால் நான் குழாய்களிலிருந்து தொடங்குகிறேன். அவைதான் மனையின் கல்நட்ட எல்லைகள் போல.

கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பிரிக்கும் முறையை 1950களில் பிரான்சின் குய்னோ வகுத்தார். அதற்கும் முன்னால், பித்தப்பைக் குழியிலிருந்து பெருஞ்சிரைவரை ஒரு கோடு இழுத்தால் அதுவே வலது, இடது பாகங்களின் உண்மையான எல்லை என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொன்னவர் ஜேம்ஸ் கான்ட்லி. ஹாங்காங்கில் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென்னுக்கு ஆசிரியராக இருந்தவர், 1896இல் லண்டனில் அந்த மாணவர் சீனத் தூதரகத்தில் அடைத்து வைக்கப்பட்டபோது வெளியே கொண்டுவரப் பாடுபட்டவரும் கான்ட்லிதான். கான்ட்லியின் கோட்டுத் தளத்தில்தான் நடுக் கல்லீரல் சிரை ஓடுகிறது. உங்கள் நோயாளியின் கிழிவு இந்தத் தளத்தோடு ஒட்டிப் போகிறதா, குறுக்கே வெட்டிப் போகிறதா என்பது மாதிரி தரும் முதல் செய்தி.

இனி மாதிரி எப்படிப் பொய் சொல்லும் என்று பார்ப்போம். மென்பொருள் ஒரு வரம்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணுக்கு மேலிருப்பதைக் குழாய் என்று வரையும், கீழிருப்பதை அழித்துவிடும். எண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால் நல்ல சிரை ‘அறுந்ததாக’த் தெரியும், தாழ்த்தினால் பக்கத்திலுள்ள சதையும் சிரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒருமுறை வலது கல்லீரல் சிரை அறுந்துவிட்டது என்று மூத்தவரிடம் அலறியபடி போனேன். அவர் அசல் படத்தைத் திறந்து, வரம்பை இருபது அலகு இறக்கினார். சிரை பத்திரமாக இருந்தது. அன்று கேட்ட வசவு இன்னும் காதில் இருக்கிறது.

மூச்சும் ஒரு சதிகாரன். விலா முறிந்தவரால் மூச்சை அடக்க முடியாது. தமனிக் கட்டத்துக்கும் சிரைக் கட்டத்துக்கும் நடுவில் கல்லீரல் ஒன்றிரண்டு செ.மீ. மேலும் கீழும் நகர்ந்திருக்கும். இரண்டு கட்டத்து மாதிரிகளையும் அப்படியே அடுக்கினால் தமனி, சிரைக்குள் புகுந்து நிற்பதைப் பார்க்கலாம். பொருத்திச் சரிசெய்த பிறகே தூரம் அளக்க வேண்டும்.

ரத்தம் குறைந்தவரின் பெருஞ்சிரை நாடாபோலத் தட்டையாகிவிடும். மாதிரியில் ஒல்லியாகத் தெரிந்தால் உடனே அதைக் காயம் என்று எண்ண வேண்டாம். அது ரத்தம் ஏற்றச் சொல்லும் தந்தி. நிறையத் திரவம் ஏற்றியவர்களுக்கு வாயிற்சிரையைச் சுற்றி ஒரு கருவளையம் வரும், அதையும் கிழிவு என்று வரைந்துவிடுவார்கள். கல்லீரலில் இயல்பாகவே உள்ள பிளவுகளும் இப்படி ஏமாற்றும். கொழுப்பு படிந்த கல்லீரலில் சதையே கருமையாக இருப்பதால் கிழிவு கண்ணுக்குத் தப்பும்.

தானாக வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. 2023இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு வெளியிட்ட ‘டோட்டல்செக்மென்டேட்டர்’ உறுப்பு, எலும்பு, தசை, ரத்தக்குழாய் என நூறுக்கும் மேற்பட்ட உடல் அமைப்புகளைச் சில நிமிடங்களில் பிரித்துவிடுகிறது. முழுக் கல்லீரலுக்கு இப்படிப்பட்ட கருவிகள் அருமை. கிழிந்த கல்லீரலில் ரத்த ஓட்டம் அற்றுக் கருத்துப்போன பகுதியைக் கல்லீரலே இல்லை என்று அவை வெளியே தள்ளிவிடக்கூடும், பக்கத்தில் உறைந்த ரத்தத்தைக் கல்லீரல் என்று சேர்த்துக்கொள்ளவும் கூடும். எல்லையைக் கையால் திருத்தாமல் கொள்ளளவைக் கணக்கிடாதீர்கள்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு வையுங்கள். எம்போலைசேஷன் குழு வந்து சேரும் வரை அல்லது அறுவை அரங்கு தயாராகும் வரை. அதற்குமேல் ஒரு நிமிடம்கூட மாதிரிக்காக நோயாளியைக் காக்க வைக்கக் கூடாது. பாதி வரைந்த மாதிரியோடு போங்கள்.

நான்காம் படி: மாதிரியிடம் கேட்க வேண்டியவை

அழகாகச் சுழற்றிப் பார்த்து மூடிவிட்டால் செய்த வேலை வீண். கேள்விகளோடு உட்காருங்கள்.

கசிவு எந்தத் தமனிக் கிளையிலிருந்து வருகிறது, அந்தக் கிளை எங்கே தொடங்குகிறது? பாடப்புத்தகத்து அமைப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 200 உடல்களை அறுத்துப் பார்த்து மிஷேல்ஸ் 1955இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் ‘இயல்பான’ அமைப்பு இருந்தது. வலது கல்லீரல் தமனி குடல் தமனியிலிருந்தும், இடது தமனி இரைப்பைத் தமனியிலிருந்தும் கிளம்புவது அரிதல்ல. வேறு கிளையிலிருந்து ரத்தம் கொட்டும்போது வழக்கமான வாசலில் நின்று கதவைத் தட்டிப் பயன் இல்லை. இதை முன்பே கண்டால் எம்போலைசேஷன் செய்பவர் நேராக அந்தக் குழாய்க்குப் போவார்.

கிழிவின் நுனிக்கும் பெருஞ்சிரைக்கும் இடையே எத்தனை மி.மீ.? மூன்று கல்லீரல் சிரைகளும் பெருஞ்சிரையில் சேரும் இடத்தை அறுவையாளர்கள் அஞ்சும் காரணம், அங்கே உள்ள ரத்தக்கட்டே பல நேரங்களில் அடைப்பானாக இருந்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. கல்லீரலைத் தூக்கிப் பார்த்தால் அந்த அடைப்பான் பிடுங்கிக்கொள்ளும். கிளாஸ்கோவின் பிரிங்கிள் 1908இல் சொன்ன முறைப்படி கல்லீரல் வாசலில் தமனியையும் வாயிற்சிரையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தால் உள்ளே வரும் ரத்தம் நிற்கும். அப்படியும் கொட்டுகிறதென்றால் சந்தேகம் பின்பக்கச் சிரைகள் மேல் விழும். மாதிரியில் கிழிவு அங்கே போய் முடிவதை முன்பே பார்த்திருந்தால் அறுவையாளர் கல்லீரலைத் தூக்காமலேயே துணி வைத்து அழுத்துவதைத் தேர்வார்.

எந்தக் கூறுக்கு ரத்தம் போகவில்லை? கூறு முழுவதும் இரு கட்டங்களிலும் கருப்பாக இருந்தால் வாயிற்சிரைக் கிளையும் தமனிக் கிளையும் அறுந்திருக்கலாம். அது பின்னாளில் அழுகும் இடம்.

மிச்சம் எவ்வளவு? படத்தை ஆக்கும் சிறு கனசதுரங்களை எல்லாம் எண்ணி மென்பொருள் மி.லி. கணக்கில் சொல்லும். நோயற்ற கல்லீரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலும் தாங்கும் என்பது திட்டமிட்ட அறுவையில் கிடைத்த பாடம். ரத்த இழப்பு அதிர்ச்சியில் இருந்து மீண்டவரிடம் அதே எண்ணை நம்பிக் கத்தி வைக்கத் தயங்குகிறேன்.

கிழிவு கல்லீரல் வாசலைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள். தொட்டால் பித்தநாளம் அறுந்திருக்கும் வாய்ப்பு அதிகம், பித்தக்கசிவை எதிர்பார்த்துக் காத்திருங்கள்.

ஐந்தாம் படி: மூன்று வழிகளில் ஒன்று

ரத்த அழுத்தம் நிற்கிறது, கசிவு இல்லை என்றால் நான்காம் தரமானாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்கலாம். குத்தோ வெட்டோ இல்லாமல் மோதலால் வரும் காயங்களில் பெரும்பாலானவை இன்று இப்படித்தான் குணமாகின்றன. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வயிறு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். நள்ளிரவிலும் எம்போலைசேஷனோ அறுவையோ செய்ய முடியாத மருத்துவமனை இந்த வழியைத் தேர்வது சூதாட்டம். மாற்றி அனுப்புவதே முறை.

தமனிக் கசிவு என்றால் எம்போலைசேஷன். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு வாயிற்சிரை வழியாக வருவதால் ஒரு தமனிக் கிளையை அடைத்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது: கடைமடையை அடைத்தால் ஒரு வயல் காயும், தலைமடையை அடைத்தால் ஊரே காயும். மாதிரியைப் பார்த்துக் கசிவுக்கு மிக அருகில் உள்ள கிளைவரை நுண்குழாயைக் கொண்டுபோவது, தலைமடையில் கை வைக்காமலிருக்கத்தான். பித்தப்பைக்குப் போகும் தமனி வழக்கமாக வலது கல்லீரல் தமனியில் கிளம்புகிறது. அதற்கு முன்னால் அடைத்தால் பித்தப்பை அழுகும் அபாயம் இருக்கிறது, மாதிரியில் அந்தக் கிளையைக் குறித்து வையுங்கள். போலித் தமனி வீக்கத்துக்கு முன்வாசல், பின்வாசல் இரண்டையும் அடைக்க வேண்டும். முன்னால் மட்டும் அடைத்தால் பக்கக் கிளைகள் வழியாகப் பின்னாலிருந்து ரத்தம் மறுபடி வந்து சேரும்.

அறுவைதான் என்று முடிவானால், முதல் அறுவையின் வேலை ரத்தத்தை நிறுத்துவது மட்டுமே. வயிற்றுத் துணிகளைக் கிழிவுக்குள் திணிக்காமல் கல்லீரலின் மேலும் கீழும் பின்னும் வைத்து, பிளந்த இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்த வேண்டும். உள்ளே திணித்தால் பிளவு இன்னும் விரியும். கிழிவு எந்தத் தளத்தில் ஓடுகிறது என்று மாதிரி காட்டுவதால் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினால் அது மூடும் என்று தோலைத் திறக்கும் முன்பே சொல்ல முடிகிறது. என் கணக்கில் அறுவையாளருக்கு மாதிரி செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான், கூறு கூறாக வண்ணம் தீட்டிக் காட்டுவதைவிட. துணிகளை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது வழக்கம்.

ஆறாம் படி: புதிய படம்

நோயாளி தேறினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். துணி எடுக்கும் முன் நிலைமை இடம் கொடுத்தால் மறுபடி ஸ்கேன் செய்து, புதிய மாதிரி வரைந்து, பழையதன் பக்கத்தில் வையுங்கள். துணிகள் கல்லீரலைத் தள்ளி அழுத்தி வைத்திருப்பதால் முதல் படத்து அளவுகள் எதுவும் இப்போது பொருந்தாது. இந்தப் படத்தில் தேட வேண்டியவை: புதிதாக முளைத்த போலித் தமனி வீக்கம், அழுகிய பகுதி, அதற்குள் காற்று. எம்போலைசேஷனுக்குப் பிறகு சில காற்றுக் குமிழிகள் தானாகவும் வரும், காய்ச்சலும் வெள்ளை அணுக்களும் சேர்ந்து உயர்ந்தால்தான் சீழ் என்று எண்ண வேண்டும். வலது மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி அல்லது கருத்த மலம் மூன்றும் சில நாள் கழித்து ஒன்றாக வந்தால் தமனியிலிருந்து பித்தநாளத்துக்குள் ரத்தம் வழிகிறது, உடனே தமனிக் கட்டத்தோடு ஸ்கேன் எடுங்கள்.

பித்தக்கசிவைச் சி.டி. தேங்கிய நீராக மட்டுமே காட்டும். கல்லீரல் வழியே பித்தத்தில் கலந்து வெளியேறும் சாயத்தைக் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தால் கசியும் கிளையையே பார்க்கலாம், அதையும் மாதிரியில் ஏற்றலாம். அழுகிய பாகத்தை வெட்டி எடுக்கும் இரண்டாம் அறுவை தேவைப்பட்டால் அப்போது நேரம் இருக்கும். முப்பரிமாணத்தில் அச்சிட்ட மாதிரியைக் கையில் வைத்துப் பார்க்கும் ஆடம்பரத்துக்கு அதுதான் தருணம். அச்சிட மணிக்கணக்காகும் என்பதால் முதல் நாள் இரவில் அதற்கு வேலை இல்லை. ஆனால் வாசலில் காத்திருக்கும் தாய் தந்தையரிடம் அந்தப் பிளாஸ்டிக் கல்லீரலைக் காட்டி, “அம்மா, இந்தத் துண்டைத்தான் எடுக்கப் போகிறோம்” என்று சொன்னால், ஸ்கேன் ஃபிலிமைத் தூக்கிக் காட்டியபோது புரியாதது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

கடைசியாக, மாதிரியை அறுவை அரங்குக்கு அனுப்பும் விதம். அறுவையாளர் நோயாளியின் வலப்பக்கம் நிற்பவர். ஆகவே முன்னிருந்து பார்க்கும் படத்தோடு அவர் நிற்கும் கோணத்திலிருந்து ஒன்றும், பின்னிருந்து பெருஞ்சிரை தெரிய ஒன்றும் எடுத்து வையுங்கள். விலா எலும்புகளை அழித்துவிட்டாலும் விலாவின் கீழ் விளிம்பை மட்டும் விட்டுவையுங்கள், எங்கே கீறுவது என்பதற்கு அதுவே அடையாளம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது, எந்தக் கட்டத்து ஸ்கேன், வரைந்தவர் யார் என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்கேன் எடுத்த தேதியையும் மணியையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.